கறுப்புச் சட்டியும் ஊறுகாய் ஜாடியும்

மீன் குழம்புக்கு மண்சட்டி, மாவடுவுக்குப் பீங்கான் ஜாடி என்று தமிழ்ச் சமையலறை எப்போதோ பாகம் பிரித்துவிட்டது. மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்று வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். ஜாடியை அடுப்பில் ஏற்றினால் 'டப்'பென்று விண்டுவிடும். மாவடுவை மண்பானையில் ஊறப் போட்டால் கொஞ்ச நாளில் பானையின் வெளிப்புறம் வெள்ளையாகப் பூக்கும். உள்ளே இருக்கும் உப்புநீர் சுவர் வழியே கசிந்து வந்து காய்ந்து படிகமாகி, மண்ணைச் செதில் செதிலாக உதிர்க்கும். சட்டியின் சுவருக்கு மூச்சு உண்டு. ஜாடியின் சுவருக்குக் கிடையாது. அந்த மூச்சை அடைப்பது ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத கண்ணாடிப் படலம். பட்டறைகளில் அதற்குப் பெயர் கிளேஸ்.

மண்கலத்தின் மேனியை முடிப்பதற்கு உலகெங்கும் இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று, கலத்தைத் தேய்த்து மெருகேற்றிப் புகையூட்டிக் கறுப்பாக்குவது. மற்றொன்று, கண்ணாடியை உருக்கி மேலே போர்த்துவது. தனிப் பட்டறை வைத்து, ஒவ்வொரு கலத்தையும் தன் கைவரிசையாகவே செய்து விற்கும் இன்றைய ஸ்டூடியோ குயவர்கள் இரண்டையும் கையாளுகிறார்கள். தமிழ்நாட்டில் இந்த இரண்டும் வந்த பாதைகள்தான் விசித்திரமானவை. முதலாவதில் இந்த மண் மூவாயிரம் ஆண்டுகளாகக் கைதேர்ந்தது. இரண்டாவதை ஏறக்குறைய தொடவே இல்லை. பிறகு அந்நியர்கள் வந்து இரண்டாவதைக் கற்றுக் கொடுத்தார்கள்; முதலாவதையும் புதுச் சரக்குபோல வெளிநாட்டுப் பெயரில் திரும்பக் கொண்டுவந்தார்கள். இதில் பெருமைப்படவும் இடம் இருக்கிறது, கொஞ்சம் வெட்கப்படவும் இடம் இருக்கிறது.

பெருமையிலிருந்து தொடங்கலாம். தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர். 1876-இல் ஜெர்மானியரான ஜாகோர் அங்கே முதலில் தோண்டினார். 1899 முதல் 1905 வரை அலெக்ஸாண்டர் ரீ விரிவாகத் தோண்டி எடுத்தவை சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றில் கறுப்பு-சிவப்புக் கலங்கள் உண்டு: வெளியே செக்கச் சிவப்பு, உள்ளேயும் வாய் விளிம்பிலும் கன்னங்கரேல். கீழடியிலும் கொடுமணலிலும் இதே வகைக் கலங்கள்தான் குவியல் குவியலாகக் கிடைத்தன. இரண்டு நிறத்துக்கும் இரண்டு மண் என்று நினைத்தால் தவறு. மண் ஒன்றேதான். நெருப்புக்குக் கிடைத்த காற்றில்தான் வேறுபாடு.

களிமண்ணில் இரும்பு இருக்கிறது. சூளையில் காற்று தாராளமாகக் கிடைத்தால் அந்த இரும்பு ஆக்ஸிஜனை வேண்டிய மட்டும் எடுத்துக்கொண்டு துருவின் சிவப்புக்கு வரும். காற்றை அடைத்துவிட்டால் எரிபொருள் முழுதாக எரியாமல் புகையும். பசியோடு இருக்கும் அந்தப் புகை, மண்ணிலுள்ள இரும்பிடமிருந்தே ஆக்ஸிஜனைப் பிடுங்கும். சிவப்பு இரும்பு கறுப்பு இரும்பாகும். கூடவே கரித்துகள் மண்ணின் நுண்துளைகளில் போய் உட்கார்ந்துவிடும். கறுப்பு-சிவப்புக் கலத்தைக் கவிழ்த்து வைத்துச் சுட்டதால் உட்புறமும் விளிம்பும் காற்றின்றிக் கறுத்தன, வெளிப்புறம் சிவந்தது என்பது பரவலான விளக்கம். இரண்டு தடவை சுட்டிருப்பார்கள் என்று சொல்வோரும் உண்டு. எப்படிச் செய்திருந்தாலும், காற்று எந்தப் பக்கம் போக வேண்டும், எந்தப் பக்கம் போகக் கூடாது என்று முடிவு செய்த கை அது. தற்செயலாக வந்த நிறம் இத்தனை ஊர்களில், இத்தனை நூற்றாண்டுகள் ஒரே மாதிரி வராது.

புறநானூற்றின் 228-ஆம் பாட்டில் ஐயூர் முடவனார் ஒரு குயவரைக் கூப்பிட்டுப் பேசுகிறார். இறந்துபோன சோழன் கிள்ளிவளவனுக்குத் தாழி வனைய வேண்டும்; இந்த நிலவுலகையே சக்கரமாகவும் மேருவையே மண்ணாகவும் கொண்டாலன்றி அவன் புகழுக்கு ஏற்ற தாழி அமையாதே, உன்னால் முடியுமா என்பது கேள்வி. கேள்விக்குப் போகுமுன் புலவர் கண் போன இடம் சூளை. இருட்டைப்போலத் திரண்டு வானில் நிற்கும் அதன் புகை. குயவர் தெருவுக்குள் நுழைகிறவருக்கு முதலில் தெரிவது அதுதானே.

சரி, இவ்வளவு நெருப்பறிவு இருந்தும் கிளேஸ் ஏன் வரவில்லை? திறமைக் குறைவு என்று சொல்லிவிட முடியாது. கண்ணாடி மணி செய்யத் தெரிந்த நாடு இது. அரிக்கமேட்டில் மணிகள் உருவான காலத்தில் கலங்கள் மட்டும் பூச்சின்றியே இருந்தன. மூன்று காரணங்கள் சேர்ந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. முதலாவது வெப்பம். வைக்கோலும் வரட்டியும் அடுக்கி, மேலே சேறு பூசி மூடும் ஊர்ச் சூளை 700, 800 டிகிரி செல்சியஸ் வரை போகும். கிளேஸின் உயிரான சிலிக்கா தனியாக உருக 1,700 டிகிரிக்கு மேல் வேண்டும். சாம்பலும் ஃபெல்ட்ஸ்பாரும் சேர்த்து அதை இளக்கினாலும் 1,200-க்குக் குறையாது. ஈயம் சேர்த்தால் தாழ்ந்த சூட்டிலேயே உருகும். ஆனால் ஈயப் பூச்சுக் கலத்தில் புளிக்குழம்பு வைத்தால் புளிப்பு ஈயத்தைக் கரைத்துக் குழம்பில் சேர்த்துவிடும். புளியில்லாமல் சமைக்கத் தெரியாத நமக்கு அந்தப் பூச்சு வராமல் போனது நல்லதே.

இரண்டாவது, தண்ணீர். கத்திரி வெயிலில் பானைத் தண்ணீர் குளிர்வது அதன் சுவர் கசிவதால்தான். கசிகிற நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. கிளேஸ் போட்ட பானை தண்ணீரைக் குளிர்விக்காது. மூன்றாவது, சடங்கு. பொங்கலுக்குப் புதுப்பானை, சாவுக்கு உடைக்கும் பானை, தீட்டுக்கு வெளியே எறியும் பானை என்று இங்கே மண்கலம் ஒருமுறைப் பொருளாகவே வாழ்ந்தது. தேய்த்துக் கழுவி நூறாண்டு வைத்துக்கொள்ளும் பாத்திரம் வேண்டியபோது நாம் வெண்கலத்திடமும் பித்தளையிடமும் போனோம்.

ஆகவே பளபளக்கும் கலம் இங்கே கப்பலில் வந்தது. இராமநாதபுரம் கடற்கரையிலுள்ள பெரியபட்டினத்தில் 13, 14-ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. ஜப்பானிய வரலாற்றாய்வாளர் நொபொரு கராஷிமா அவற்றை ஆராய்ந்து எழுதினார். பச்சை கலந்த நீல மெருகுள்ள செலடன் ஓடுகள் அவற்றில் அடக்கம். இங்கேயே செய்வதற்கான முயற்சிகள் பிற்பாடுதான். 1850-இல் அலெக்ஸாண்டர் ஹன்டர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளி மட்கலத்தையும் பாடமாக வைத்தது. வேலூர்ப் பக்கத்துக் கரிகிரியில் பச்சையும் நீலமுமாகப் பூச்சிட்ட கூஜாக்கள் உருவாயின. பின்னர் விருத்தாசலத்தில் அரசு செராமிக் தொழிற்பேட்டையும் பயிற்சிக்கூடமும் வந்தன. நெய்வேலியில் நிலக்கரிக்காக மேல்மண்ணை அகற்றும்போது கிடைத்த வெண்களி அருகிலேயே இருந்தது அதற்கு வசதி. விருத்தாசலத்து அகலும் பொம்மையும் இன்றும் கொலுப்படிக்கு வருகின்றன. இது தொழிற்சாலை வழி. அச்சில் வார்த்து ஆயிரக்கணக்கில் எடுப்பது. தனி மனிதரின் கை தெரியும் கிளேஸ் கலம் வேறு பாதையில் வந்தது.

இந்தியாவில் அந்தப் பாதை தில்லியில் தொடங்குகிறது. 1919-இல் ஜப்பான் போன குருசரண் சிங், அங்கே பெர்னார்ட் லீச், ஷோஜி ஹமாடா போன்ற ஸ்டூடியோ குயவர்களோடு பழகித் திரும்பினார். பிற்பாடு தில்லி புளூ பாட்டரியை நிறுவினார். தெற்கே அது வந்து சேர்ந்த ஆண்டு 1971. ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரு அமெரிக்கர்கள் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். ஸ்மித் ஜப்பானில் மட்கலம் பயின்றவர். மீக்கர் கட்டடக்கலையில் ஆரம்பித்து மண்ணுக்கு வந்தவர். உயர்வெப்பக் கல்கலம் என்ற ஸ்டோன்வேரை, சுமார் 1,300 டிகிரியில் சுட்டெடுக்கும் கலத்தை, அவர்கள் இங்கே உள்ளூர் மூலப்பொருளில் நிலைநிறுத்தினார்கள். இன்று இந்தியாவின் பெயர்பெற்ற மட்கலைஞர்களில் கணிசமானோர் அந்தப் பட்டறையில் படித்தவர்கள். இன்னொரு விளைவைப் பற்றிக் கலை இதழ்கள் அதிகம் எழுதுவதில்லை. அங்கே கூலிக்கு வேலை பழகிய உள்ளூர்த் தமிழர்கள் வெளியே வந்து சொந்தமாகச் சூளை போட்டார்கள். புதுச்சேரிக் கடைத்தெருவில் மூங்கில் கோடு வரைந்த கோப்பையை வாங்குகிறவர் பெரும்பாலும் அந்தக் கிளையின் கலத்தைத்தான் வாங்குகிறார்.

மீக்கர் 1980-களில் இன்னொரு வேலையும் செய்தார். பச்சைச் செங்கல்லால் வளைகூரை வீட்டைக் கட்டி, உள்ளே சுடாத கற்களை அடுக்கி, வீட்டையே சூளையாக்கிக் கொளுத்தினார். நெருப்பு அணைந்ததும் வீடும் சுட்டிருக்கும், உள்ளே அடுக்கிய சரக்கும் சுட்டிருக்கும். அதை விற்று விறகுச் செலவை ஈடுகட்டலாம் என்பது கணக்கு. கணக்கு எப்போதும் நேராக வரவில்லை. ஆனாலும் குயவரின் நெருப்பைக் கொத்தனாரின் கையில் கொடுத்துப் பார்த்த துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்.

கிளேஸ் பட்டறையில் ஒரு நாளைக் கிட்டத்தில் நின்று பார்த்தால் அது சமையலறைபோலத்தான் இருக்கும். வாளியில் மோர்ப் பதத்தில் ஒரு கலவை: ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ், சுண்ணாம்பு, களிமண், நிறத்துக்கு ஏதோ ஓர் உலோகப் பொடி. பார்க்க எல்லா வாளியும் ஒன்றுபோலச் சாம்பல் வெள்ளைதான். சில வாளிகள் செங்காவி. ஒருமுறை இளஞ்சூட்டில் சுட்ட கலத்தை இதில் மூன்று எண்ணுவதற்குள் முக்கி எடுக்க வேண்டும். உலர்ந்த கலம் நீரை 'சுர்'ரென்று உறிஞ்சிக்கொள்ள, பொடி மேலே படிந்து நிற்கும். ஒரு நொடி கூடினால் தடித்து வழியும். வழிந்தால் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். அடிப்பாகத்தைத் துணியால் துடைக்க மறந்தாலும் அதே கதிதான். இரும்பு நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு சேர்த்துக் காற்றை அடக்கிச் சுட்டால் இளம்பச்சைச் செலடன். எட்டு, பத்துப் பங்கு சேர்த்தால் எண்ணெய்க் கறுப்பு. செம்பு காற்றோடு பச்சை, காற்றில்லாமல் இரத்தச் சிவப்பு.

கவனிக்க வேண்டிய இடம் இது. காற்றை அடக்கிச் சுடுவதை ஸ்டூடியோக்காரர்கள் ரிடக்ஷன் என்கிறார்கள். புகைபோக்கியின் தடுப்பை முக்கால்வாசி தள்ளி மூடி, சூளையின் பார்வைத் துளையில் மஞ்சள் நாக்கு வெளியே நீளும்வரை நெருப்பைத் திணற விடுவார்கள். ஆதிச்சநல்லூர்க் குயவர் செய்ததும் இந்தத் திணறடிப்பே. அதாவது புகைக்கலமும் கிளேஸ் கலமும் எதிரெதிர்க் கட்சிகள் என்ற பேச்சு மேலோட்டமானது. ஒன்றில் புகை மண்ணுக்குள் போகிறது. மற்றதில் உருகும் கண்ணாடிக்குள் போகிறது. ஒரே பசிதான் இரண்டிலும்.

சூளை ஆறும் நேரம் இன்னொரு பரீட்சை. 573 டிகிரியில் குவார்ட்ஸ் தன் உருவத்தைச் சட்டென்று மாற்றிக்கொண்டு சுருங்கும். அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால் நன்றாக வந்த தட்டு நடுவே மயிரிழையாகப் பிளக்கும். திறந்த பிறகும் மணிக்கணக்கில் 'டிங், டிங்' என்று சின்ன மணியோசை கேட்டுக்கொண்டே இருக்கும். மண்ணைவிடக் கண்ணாடி அதிகம் சுருங்குவதால் மேற்பூச்சு வலைபோல வெடிக்கும் ஓசை அது. சிலர் அதைக் குறை என்று கழிப்பார்கள். சிலர் அதையே அழகென்று விலை வைப்பார்கள்.

புகைக்கு வருவோம். ஸ்டூடியோ உலகத்தில் அதற்கு மூன்று நான்கு பிறப்புக் கதைகள் உண்டு. 16-ஆம் நூற்றாண்டுக் கியோட்டோவில் தேநீர்ச் சடங்குக்காகத் தோன்றிய ராக்கு கோப்பை ஒன்று. 1960-இல் கலிஃபோர்னியாவில் பால் சோல்ட்னர் அந்தக் கோப்பையைக் கனல் தணியாமலே எடுத்து இலைக்குவியலில் போட்டுப் புகையூட்டியது இன்னொன்று. இன்று 'ராக்கு' என்று பயிலரங்குகளில் நடப்பது பெரும்பாலும் சோல்ட்னரின் வாரிசுதான். நியூ மெக்ஸிகோவின் சான் இல்டெஃபோன்சோவில் மரியா மார்ட்டினெஸும் கணவர் ஜூலியனும் 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கறுப்பின்மேல் கறுப்பு வேலைப்பாட்டை எட்டினார்கள். கல்லால் தேய்த்து மெருகேற்றிய கலத்தின் மேல், நெருப்பு உச்சத்தில் இருக்கும்போது பொடித்த சாணத்தைக் கொட்டி மூடுவது அவர்கள் முறை. கென்யாவில் பிறந்து பிரிட்டனில் வாழும் மெக்டலின் ஒடுண்டோவின் புகைக்கலங்கள் பெரிய அருங்காட்சியகங்களில் நிற்கின்றன. உத்தரப்பிரதேசத்து நிஜாமாபாத் கறுப்புக் கலமும் மணிப்பூரின் லோங்பி சட்டியும் நம் நாட்டுக் கணக்கு.

பட்டறையில் செய்முறை எளிது, விளைவு எளிதல்ல. கலம் பாதி உலர்ந்து தோல் பதத்துக்கு வந்ததும் கூழாங்கல்லால் மணிக்கணக்கில் தேய்க்கிறார்கள். நம் ஊர்க் குயவர்களான வேளார்கள் வைத்திருக்கும் அதே கூழாங்கல். பிறகு ஒரு சூடு; 900-ஐத் தாண்டினால் மெருகு மங்கிவிடும் என்பதால் அடக்கமாக. அப்புறம் தகர டிரம்மில் மரத்தூள், சருகு, வரட்டி, வாழைத்தோல், மயில்துத்தம், உப்பு. தீ வைத்து மூடி விட்டுவிட்டு மறுநாள் காலையில் சாம்பலைக் கிளறினால் கலம் கிடைக்கும். துத்தத்தின் செம்பு இளஞ்சிவப்பாகப் படர்ந்திருக்கும், உப்பு பட்ட இடம் ஆரஞ்சாக இருக்கும், மரத்தூளில் புதைந்திருந்த பக்கம் கரியாக இருக்கும். இந்தத் துத்தப் புகை மூச்சுக்குக் கெடுதல். முகமூடி இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. அழகான படங்கள் எடுக்கும்போது அது நினைவில் இருப்பதில்லை.

இந்தக் கலம் தண்ணீர் தாங்காது, உணவுக்கும் ஆகாது. மேலே தேன்மெழுகு பூசி அலங்காரமாக வைக்கலாம். லோங்பி சட்டியிலும் ஊர்க் கறுப்புச் சட்டியிலும் சமைக்கலாம் என்றால், அவற்றின் கறுப்பு வெறும் தழையும் உமியும் தந்தது. உலோக உப்பு தூவிய ஸ்டூடியோ கலத்தை அதோடு குழப்பிக்கொண்டு 'பாரம்பரியச் சமையல் பாத்திரம்' என்று விற்பது நேர்மையில்லாத காரியம்.

மூலப்பொருள் பற்றிய பேச்சு வந்தால் கொல்லிமலையை எடுத்துக்காட்டலாம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால் செம்மேடு. பெயரே மண்ணின் இரும்பைச் சொல்கிறது. மலையின் உச்சியில் பாக்சைட் உண்டு. மேட்டூர் அலுமினிய ஆலைக்காக அது வெட்டப்பட்டது. உயர்சூட்டைத் தாங்கும் சூளைக் கற்களுக்கும் அதே கனிமம்தான் வேண்டும். மலைக்குக் கீழே நாமக்கல், கரூர்ப் பக்கத்துக் குவாரிகளில் ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும். சேலத்துச் சுண்ணாம்புக்கரட்டில் மேக்னசைட். கிளேஸில் சேர்த்தால் பளபளப்பை அடக்கிப் பட்டுபோன்ற மங்கல் மேனி தரும். சாம்பலுக்கு மலைமேல் மிளகுக்கொடி ஏறும் சில்வர் ஓக், காப்பித் தோல், சாமையும் தினையும் குத்திய உமி. புல்லினப் பயிர்களின் உமிச் சாம்பலில் சிலிக்கா மிகுதி. ஜப்பானில் நெல் உமிச் சாம்பலிலிருந்து பால்வெள்ளைக் கிளேஸ் செய்கிறார்கள். ஒரு கிளேஸின் சமையல் குறிப்பு முழுவதும் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வட்டத்துக்குள் சிதறிக் கிடக்கிறது என்றால் மிகையில்லை. குறைவது ஒன்றுதான்: வனையும் களி. மலையின் செம்மண் சொரசொரப்பானது, பிசுக்கில்லாதது. களி கீழ்நாட்டு ஏரிகளில்தான்.

அந்த ஏரிக் களிதான் ஊர்க் குயவரின் நெடுநாள் தொல்லை. ஏரியும் வண்டலும் கண்ணெதிரே இருக்க, அனுமதிச் சீட்டுக்காக அலைந்த தலைமுறை இது. 2024-இல் தமிழக அரசு, வட்டாட்சியர் அனுமதியோடு விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் கட்டணமின்றி எடுக்கலாம் என்று வழியை எளிதாக்கியது. மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. புதுச்சேரி வில்லியனூர்ப் பகுதியின் சுடுமண் சிற்பி முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ. அங்கீகாரங்கள் வராமல் இல்லை.

ஆனாலும் ஒரு கணக்கு இடிக்கிறது. வில்லியனூருக்கும் கோல்டன் பிரிட்ஜுக்கும் இடையே பேருந்தில் அரை மணி தூரம்கூட இருக்காது. ஐம்பது ஆண்டுகளில் இந்த இரண்டு உலகங்களும் தங்களுக்குள் பேசிக்கொண்டது மிகக் குறைவு. ஸ்டூடியோவில் புகையூட்டக் கற்கும் மாணவருக்குச் சோல்ட்னர் தெரியும், ராக்கு தெரியும். எழும்பூரில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கறுப்பு-சிவப்புக் கிண்ணத்தை அவர் பார்த்திருப்பது அபூர்வம். மறுபக்கம், சேறு பூசிய சூளையில் காற்றைக் கண்ணாலேயே அளக்கத் தெரிந்த வேளாருக்கு அந்த அறிவுக்கு உரிய விலை கிடைத்ததில்லை. ஒரே புகை, ஒரே கறுப்பு. காட்சிக்கூடத்தில் அது கலை, சந்தையில் அது சட்டி. ஸ்டூடியோக்காரர்கள் ஊர்க் குயவரைக் கூலிக்கு வனையச் சொல்வதோடு நில்லாமல், சூளை மூட்டும் ஆசிரியராகவும் ஊதியம் கொடுத்து அழைக்க வேண்டும். விருத்தாசலம் போன்ற அரசுப் பயிற்சிக்கூடங்களுக்கும் இதே வேண்டுகோள்.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கிளேஸ் போட்ட கோப்பையைக் கையில் எடுத்தால் கவிழ்த்து, பூச்சில்லாத அடியில் ஒரு சொட்டு நீர் வைத்துப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் அது தாழ்ந்த சூட்டில் சுட்டது. பூச்சில் ஈயம் உண்டா என்று கேட்காமல் அதில் ரசம் ஊற்றாதீர்கள். புகைக்கலம் என்றால் துத்தம் போட்டுச் சுட்டதா, வெறும் தழையில் சுட்டதா என்று கேளுங்கள். விடை சொல்லத் தெரியாத கடையில் வாங்க வேண்டாம்.